வருகைப் பதிவு

லோட்டாவில் ஜூலை என்றால் மழை.
ராத்திரி முழுக்கக் கடலிலிருந்து ஏறி வந்து
தகரக் கூரைமேல் குடியிருந்தது.
விடிந்ததும் முதல் வேலையாக
நூலகத்துக்கு இரண்டு வாளி,
நான்காம் வகுப்புக்கு ஒன்று,
உலகப் படத்தின் கீழே
சமையற்கட்டு எர்மிந்தாவிடம் இரவல் வாங்கிய அண்டா.
ஆப்பிரிக்கா போன வருஷமே ஊறிக் கிழிந்துவிட்டது.

எட்டரைக்குப் பதிவேட்டைத் திறக்கிறேன்.
இந்தப் பள்ளிக்கூடத்தில்
ஈரம் படாத புத்தகம் இது ஒன்றுதான்.
கெட்டி அட்டை, பிளாஸ்டிக் உறை,
ஒழுகாத மூலையில் தனி பீரோ.

ராயேன் கட்ரிலேயோ.
உள்ளேன் டீச்சர்.
பாஸ்தியான் ஒப்ரேக்.
உள்ளேன்.
யெர்கோ சான்வேசா.
கொஞ்சம் தாமதித்து, கரகரவென்று,
உள்ளேன்.

ஒவ்வொரு உள்ளேனுக்கும்
தலைநகரம் ஒரு தொகை அனுப்புகிறது.
வந்த பிள்ளைக்குத்தான் காசு.
வராத பிள்ளை அன்றைக்குப் பிறக்கவே இல்லை.
கொதிகலனுக்கு இந்தக் கணக்கு தெரியாது,
முழுப் பசியோடு அதே விறகைத் தின்கிறது.
இருபத்தெட்டில் பதினொருவர் வந்தாலும்
நான் பாதி டீச்சராகச் சுருங்குவதில்லை.
சம்பளம் மட்டும் சில மாதம்
சுருங்கப் பார்க்கும்.

இந்த ஊரில் ஒருகாலத்தில்
வண்டி எண்ணிக் கூலி கொடுத்தார்கள்.
கரி நிறைந்த வண்டிக்கு இவ்வளவு,
கல் கலந்திருந்தால் பிடித்தம்.
சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.
கணக்குதான் மூடவில்லை.
அது படியேறி வெளியே வந்து, கை கழுவி,
வகுப்பறைக்குள் உட்கார்ந்துகொண்டது.

சாலைக்கு அந்தப் பக்கம் புதுப் பள்ளி.
ஆங்கிலத்தில் பெயர்,
ஆங்கிலம் பேச ஆளில்லாத தெருவில்.
சேர்ந்தால் மழைக்கோட்டு இலவசம்.
மார்ச்சில் பாஸ்தியான் அங்கே போனான்,
மஞ்சள் கோட்டோடு, கையாட்டிக்கொண்டு.
மே மாதம் திரும்பி வந்தான்.
'இவனுக்கு ஏற்ற இடம் இதுவல்ல' என்று
முத்திரை குத்திய கடிதம்.
எழுத்துக் கூட்டிக் கூட்டி
அதை அவனே என்னிடம் படித்துக் காட்டினான்.
இருபது நிமிஷம் ஆனது.
முழுவதும் படித்தான்.

எங்கள் தலைமையாசிரியர் உர்சுவா நல்லவர்.
நகராட்சிப் பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து
பெற்றோரை வாடிக்கையாளர் என்கிறார்.
முதல் தடவை சொன்னபோது
காது சிவந்தது அவருக்கு.
இப்போது சிவப்பதில்லை.

இரண்டாம் மணிக்குக் கணக்கை முடிக்க வேண்டும்.
அதற்கு முன் வீட்டுக்குப் போனவன் வராதவன்.
அதற்குப் பின் போனால் வந்தவன்.
விதி அவ்வளவுதான்.

யெர்கோவின் கண் சிவந்திருந்ததை
பேர் கூப்பிடும்போதே பார்த்தேன்.
உதடு வெடித்திருந்தது,
மேசையில் கன்னத்தை வைத்திருந்தான்,
மரத்தின் குளிர்ச்சிக்காக.
பார்த்தேன்.
பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன்.

பின்னம் நடத்தினேன்.
ஒரு ரொட்டியை நான்காக வெட்டினால்.
எட்டாக வெட்டினால்.
வெட்ட வெட்ட ரொட்டி கூடுமா டீச்சர்
என்று ராயேன் கேட்டாள்.
துண்டுதான் கூடும் என்றேன்.
மணி அடித்தது.
சிவப்பு மையில் கோடு, அடியில் பதினொன்று.
அதன் பிறகு எழுந்து போய்
அவன் நெற்றியில் கை வைத்தேன்.

கை சுட்டது.

யாரும் சொல்லவில்லை என்னை.
உர்சுவா சொல்லவில்லை, தலைநகரம் சொல்லவில்லை.
பதினாறு வருஷம் பிள்ளைகளின் நெற்றி தொட்ட கை
இன்றைக்குத் தானாகவே காத்திருந்தது.
உள்ளேன் என்றான்.
உள்ளே என்ன என்று
மணி அடித்தபின் கேட்டேன்.

அவன் அம்மா மீன் தொழிற்சாலையில்;
பணி நேரத்தில் போன் எடுக்க விடமாட்டார்கள்.
இரண்டு நாற்காலியைச் சேர்த்துக்
கொதிகலன் பக்கம் படுக்க வைத்தேன்.
பாஸ்தியான் எழுந்து வந்து
தன் மஞ்சள் கோட்டைப் போர்த்திவிட்டுப் போனான்,
என் முகத்தைப் பார்க்காமல்.

வாசலில் எர்மிந்தா.
அண்டா வேண்டுமாம், சூப்புக்கு நேரமாகிறதாம்.
மழைத் தண்ணீரை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு
முந்தானைத் துணியால் அதைத் துடைத்தபடி
கேட்கிறாள்:
இன்றைக்குப் பதினொன்றா, பத்தா?